ஒன்பது முதல் ஒன்று வரை, இடையூறு இல்லை

வந்த முதல் நாளே வாசலில் ஒரு மரத்தட்டை நீட்டியிருப்பார்கள். சாவி, பெல்ட், கைக்கடிகாரம், தலையில் குத்திய ஹேர்பின் எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டு உள்ளே போங்கள் என்றிருப்பார்கள். அந்தத் தட்டு நான் செய்தது. சில்வர் ஓக் பலகை, ஒரு ஆணிகூடக் கிடையாது, முழுக்கக் கோந்தில் ஒட்டியது. இரும்பை வைக்கிற தட்டில் நாலு ஆணி இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்காதீர்கள். அப்போது எனக்கு இரும்பு மேல் அவ்வளவு கோபம்.

புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று இப்போதைய பொறுப்பாளர் கேட்டார். நான் விஞ்ஞானி இல்லை. இதே ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் காபி எஸ்டேட் கூலி ஆட்களின் லைன் வீட்டில் பிறந்து, சேலத்தில் ஐ.டி.ஐ. படித்து, இந்த நிலையம் தொடங்கிய நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை காப்பாளராக இருந்தவன். உங்களுக்குக் கணக்கு சொல்லித்தர எனக்குத் தெரியாது. ஒரு தப்பைப் பற்றி மட்டும் எனக்கு முழுசாகத் தெரியும், ஏனென்றால் அதைச் செய்தவன் நான்.

வேலையைப் பற்றி ஊரில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற மாதிரியே முதலில் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டில் கேட்டால் உதவும். எட்டாத தூரத்தில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றாகின்றன. அந்த அதிர்வு ஈர்ப்பு அலையாக வருவதை வெளிநாட்டில் இருக்கும் பெரிய கருவிகள் பிடித்துச் செய்தி அனுப்பும். நாம் தேடுவது அந்த அலையை இல்லை. அந்த மோதலில் இதுவரை யாருமே பார்க்காத வேறு ஒரு புலமும் கிளம்பியிருந்தால், அது அலைக்குக் கொஞ்சம் பின்னால் நம்மிடம் வந்து சேரும். வேகமாகத் துடிக்கிற பகுதி முன்னால் வரும், மெதுவாகத் துடிக்கிறது பின்னால் வரும். திரையில் பார்த்தால் மேலே தொடங்கிக் கீழே இறங்குகிற ஒரு கோடு.

அதைப் பிடிக்க நம்மிடம் இருப்பது எலுமிச்சம்பழ அளவில் ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே ருபீடியம் ஆவி. லேசர் வெளிச்சம் பட்டால் அந்த அணுக்கள் எல்லாம் பம்பரம் மாதிரி ஒரே பக்கம் பார்த்துச் சுற்றும். சாதாரணக் காந்தம் அதைத் தொடாமல் இருக்கச் சுற்றிலும் நாலு அடுக்கு உலோகக் கூடு. கூட்டையும் தாண்டி உள்ளே வந்து பம்பரத்தை அசைத்துப் பார்க்கிறது எதுவோ, அதுதான் நாம் தேடுவது. ஆனால் எந்தக் கூடும் முழுசாக அடைக்காது. பக்கத்தில் ஜீப் போனால் கொஞ்சம் கசியும். அதனால்தான் மரத்தட்டு, வேலி, நோட்டு எல்லாம்.

நோட்டு வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆரம்பித்த புதிதில் தினமும் காலை ஏழரைக்கு ஒரு மேடு, சாயங்காலம் நாலரைக்கு ஒரு மேடு திரையில் விழும். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு பார்த்தால், கவாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு எஸ்டேட் ஆட்கள் நம் வேலியோரமாக வேலைக்குப் போய் வருகிற நேரம் அது. என் சித்தி, மாமன் மகன் எல்லாரும் அதில் உண்டு. நான் நேரே போய் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் பாதையை மாற்றச் சொல்லிச் சண்டை பிடித்தேன். அப்போது பொறுப்பில் இருந்த மேடம் என்னைக் கூப்பிட்டார்கள்.

"அது அவங்க பாதை. நாம நேத்து வந்தவங்க. பாதையை மாத்த வேண்டாம், எழுதி வைங்க. எந்த நேரம் யார் போனாங்கன்னு தெரிஞ்சா நான் அந்த நேரத்தைத் தள்ளிட்டுப் போறேன். தெரியாததுதான் எனக்குப் பிரச்சனை."

அன்றைக்குத்தான் மணிக்கு ஒரு வரி என்று நோட்டுப் போட்டோம். இதில் ஒரு முறை இருக்கிறது, நீங்களும் படித்திருப்பீர்கள். கருவி பிடித்ததை யாரும் உடனே பார்க்கக் கூடாது. முதலில் நோட்டை வைத்து எந்தெந்த நேரம் செல்லாது என்று பட்டியல் போட்டு, அதைப் பூட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் பதிவைத் திறந்து பார்ப்பது, அதைத்தான் பெட்டியைத் திறப்பது என்போம். திறந்தபிறகு பட்டியலில் கை வைத்தால், ஆசைக்குத் தகுந்தமாதிரி மாற்றினோம் என்று ஆகிவிடும். எல்லாம் அந்த நோட்டை நம்பித்தான். இருபது வருஷம் நான் அதைக் கோயில் மாதிரி வைத்திருந்தேன். மாடு போனால் மாடு, மழை பெய்தால் மழை. அந்த நாட்களை நினைத்தால் இன்னும் நெஞ்சு நிறைந்துபோகிறது. காபி பூத்திருக்கிற பங்குனி மாதத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து நோட்டு எழுதுகிற சுகம் வேறு எந்த வேலையிலும் எனக்குக் கிடைத்திருக்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், கோடை மழையில் ஒரு இடி விழுந்து வெளியில் வைத்திருந்த காவல் கருவி எரிந்துபோனது. கூட்டுக்கு வெளியே வண்டி, மின்சாரம் என்று எது வந்தாலும் தானே பதிவு செய்வது அதுதான். மாற்றுக் கருவி வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை பணியில் இருக்கும் காப்பாளர் வெளிக்கொட்டகையில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்துக் காதால் கேட்டு மணிக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று மேடம் உத்தரவு போட்டார்கள். அந்த மாதம் முழுக்கக் கருவிக்குச் சாட்சி நாங்கள்தான்.

அந்த மாதத்தில்தான் சேர்வராயன் கோயில் திருவிழா வந்தது. கூட இருந்த காப்பாளர் தன் மச்சான் கல்யாணத்துக்குப் போய்விட்டார். மேடம் சேலத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தார்கள். நிலையத்தில் நான் ஒருவன்தான். பிறந்ததிலிருந்து ஒரு வருஷம்கூட நான் அந்தத் திருவிழாவைத் தவறவிட்டதில்லை. எங்கள் லைன் ஆட்கள் எல்லாரும் கூட்டமாக நடந்து போவோம். எட்டரை மணிக்குக் கீழே ரோட்டில் மேளச் சத்தம் கேட்டது. எனக்குக் கால் நிற்கவில்லை.

இன்றைக்கு எஸ்டேட்டுக்கு லீவு, கவாத்துக்கு ஆள் வராது, டிராக்டர் வராது, என்ன இடையூறு வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். நோட்டை எடுத்து ஒன்பது முதல் பத்து, பத்து முதல் பதினொன்று, பதினொன்று முதல் பன்னிரண்டு, பன்னிரண்டு முதல் ஒன்று என்று நாலு வரி எழுதினேன். நாலிலும் 'இடையூறு இல்லை'. நாலுக்கும் கையெழுத்து. மணி அப்போது எட்டே முக்கால். கேட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மறைப்பானேன், அன்றைக்கு நான் நொம்ப சந்தோஷமாக இருந்தேன். குனிந்து குகைக்குள் போய்ச் சாமி கும்பிட்டேன். தேங்காய் உடைத்தேன். சின்ன வயதில் கூடப் படித்தவர்களைப் பார்த்துப் பேசினேன். திரும்பி வரும்போது பன்னிரண்டே முக்கால் இருக்கும். நம் வேலிக்குக் கீழே இருக்கிற வளைவில், ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். எப்போதும் நாகலூர் பஸ் ஸ்டாப்பில்தான் போடுவார்கள். மழையில் அந்த இடம் சேறாகிவிட்டதால் இங்கே மாற்றியிருக்கிறார்கள். ஸ்பீக்கர், சீரியல் லைட், எல்லாவற்றுக்கும் ஒரு ஜெனரேட்டர். ஏற்காடு பஜாரில் மைக் செட் கடை வைத்திருக்கும் சாதிக் பாய் செட்டோடு வந்திருந்தார். நான் போனபோது ஜெனரேட்டர் ஓடவில்லை, ஆட்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பாய் கையால் ரெண்டு டம்ளர் மோர் வாங்கிக் குடித்தேன். பெருங்காயம் கொஞ்சம் தூக்கல். ஜெனரேட்டர் மேலேயே டம்ளரை வைத்துவிட்டு வந்தேன்.

மேலே வந்து நோட்டைப் பார்த்தேன். திருத்தியிருக்க வேண்டும். அடித்து எழுதினால் மேடம் கேட்பார்கள், கேட்டால் போனதைச் சொல்ல வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்தேன். மறுநாள் நான் அதை மறந்துபோனேன்.

அப்போது கணக்குப் பார்க்கிற வேலையில் இருந்தவள் கயல். ஆத்தூர்ப் பெண். நெசவுக்காரர் மகள், ஆறு வருஷமாக இந்த ஒரு தேடலிலேயே கிடந்தாள். டிசம்பரோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. எதுவும் கிடைக்காமல் முடிந்தால் வேறு இடத்தில் வேலை தேட வேண்டும் என்று அவளுக்குக் கவலை. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். தினமும் ஹேர்பின்னைத் தட்டில் எண்ணி வைத்து, போகும்போது எண்ணி எடுப்பாள். ஒன்று குறைந்தால் என்னைத் திருடன் என்பாள்.

செப்டம்பரில், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை, பட்டியலைப் பூட்டிவிட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கயல் கூப்பிட்டாள்.

"அண்ணா, இங்க கொஞ்சம் வாங்களேன்."

திரையில் ஒரு கோடு. மேலே தொடங்கி இறங்கி இறங்கிக் கீழே அடங்குகிறது. கருந்துளை மோதிய செய்தி வந்த நேரத்துக்குச் சில நிமிஷம் தள்ளி, எங்கே வரும் என்று அவள் ஆறு வருஷமாகக் கணக்குப் போட்டாளோ அங்கே. நம்மைப் போல மற்ற ஊர்களில் இருக்கிற இரண்டு நிலையங்களில் ஒன்று அன்று பழுது, இன்னொன்றில் ஒரே இரைச்சல். ஆகவே நம் கருவி சொல்வது மட்டும்தான். நம் கருவிக்கு நோட்டுதான் சாட்சி.

"அந்த நேரத்துக்கு நோட்டுல இடையூறு இல்லைன்னு உங்க கையெழுத்து இருக்குதுங்க. நீங்க இங்கதானுங்களே இருந்தீங்க?"

தேதியைப் பார்த்தேன். திருவிழா நாள். மணி பதினொன்றரை. நாக்கில் பெருங்காய வாசம் வந்தது.

"ஆமா கண்ணு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். பயம் ஒரு பக்கம். ஆனால் பயம் மட்டும் இல்லை. அந்தப் பெண் முகத்தில் அப்போது இருந்த வெளிச்சத்தை அணைக்க எனக்கு மனசு வரவில்லை. நம்மால் ஒருத்தருக்கு நல்லது நடக்கிறது என்று தோன்றும்போது சொல்கிற பொய்தான் வாயிலிருந்து சட்டென்று வந்துவிடுகிறது. இதை நீங்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது நாள் அப்படியே போனது. கயல் அம்மாவுக்குப் போன் போட்டு, "ஏதோ ஒண்ணு வந்திருக்குதும்மா, யாருகிட்டயும் சொல்லிடாத" என்று பேசினதை நான் கேட்டேன். என் வீட்டுக்காரி, "ஏனுங்க, ஊட்டுக்கு வந்தும் ஊட்டுல இல்லாத மாதிரி உக்காந்திருக்கறீங்க" என்றாள். ஒன்பதாம் நாள் பஸ் பிடித்துப் பஜாருக்குப் போய் சாதிக் பாய் கடைப் படியேறினேன்.

"ஏனுங்க பாய், திருவிழா அன்னைக்கு எங்க வளைவுல ஜெனரேட்டரை எத்தனை மணிக்கு நிறுத்துனீங்க?"

"எந்த வாட்டிங்க?"

"பதினொன்னரை வாக்குல."

"அது யாருங்க பாத்தா. கூட்டம் வந்தா போடறது, டீசல் மிச்சமாகட்டும்னு நிறுத்தறது. பத்து வாட்டி போட்டிருப்பேன், பத்து வாட்டி நிறுத்தியிருப்பேன். ஏனுங்க, எதாச்சும் ஆயிப்போச்சுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கு மூஞ்சி ஏனுங்க செத்துக் கெடக்குது?"

அவரிடம்தான் முதலில் சொன்னேன். ஜெனரேட்டரை நிறுத்தும்போது அதன் உறுமல் எப்படிக் கீழே இறங்கி அடங்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த இறங்குகிற உறுமலும் கயலின் திரையில் இருக்கிற கோடும் ஒரே சாயல். மின்கம்பி இரைச்சல் இருக்கிற மேல்பகுதியை முன்கூட்டியே வடிகட்டிவிடுவதால், கோடு எங்கிருந்து தொடங்கியது என்றும் பார்க்க முடியாது. பாய் பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம செட்டு சத்தம் அந்த நாலு கூட்டுக்குள்ள எட்டுதுங்களா?" என்று கேட்டார். முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிறகு என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிடுங்க. வேணும்னா அதே செட்டைக் கொண்டாந்து அதே எடத்துல வெச்சு நிறுத்திக் காட்டறேன். காசெல்லாம் வேண்டாமுங்க."

அங்கிருந்து நேரே நிலையத்துக்கு வந்தேன். கயல் வாசலில் ஹேர்பின்னை எண்ணிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். திருவிழாவுக்குப் போனது, முன்னாலேயே எழுதி வைத்தது, பந்தல், மோர், எல்லாம்.

"எப்ப இருந்துங்க தெரியும் உங்களுக்கு?"

"ஒன்பது நாளா."

"நான் கேட்டப்பவேங்களா?"

"கேட்டப்பவே தெரியும் கண்ணு."

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. சமாதானம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தாள்.

"எழுதிக் குடுங்கண்ணா. பழசை அடிக்காதீங்க. கீழ இன்னிக்குத் தேதி போட்டு எழுதுங்க."

எழுதினேன். 'மேற்கண்ட நான்கு மணி நேரமும் நான் பணியிடத்தில் இல்லை. நான்கு வரிகளையும் முன்கூட்டியே எழுதினேன்.' மூன்றாவது அலமாரியில் அந்த நோட்டு இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

மேடம் சத்தம் போடவில்லை. ரெண்டு முறை படித்தார்கள். "கோயிலுக்குப் போனதை நான் மன்னிச்சிடுவேன். இந்த ஒன்பது நாள்தான் எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றார்கள். ஓய்வு பெறும்வரை நோட்டை என் கையில் தரவில்லை. மரத்தட்டு மட்டும் என் பொறுப்பு.

பாய் சொன்னபடியே செட்டைக் கொண்டுவந்தார். அதே வளைவு, அதே சில்வர் ஓக் மரத்தடி. மூன்று முறை ஓட்டி மூன்று முறை நிறுத்தினார். மூன்று கோடு விழுந்தது. மூன்றும் ஒன்றுபோல் இல்லை. ஒன்று அன்றைய கோட்டை அப்படியே உரித்து வைத்தது என்று தோன்றும், உற்றுப் பார்த்தால் வால் பக்கம் வேறாக இருக்கும். கயல் ரெண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினாள். ஜெனரேட்டர்தான் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. கடைசியில் அந்த நான்கு மணி நேரத்தையும் தள்ளிவிட்டார்கள். பட்டியலை ஏன் பிறகு மாற்றினோம் என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். அவளுடைய கட்டுரை, இந்த அளவுக்கு மேல் எதுவும் வரவில்லை என்ற முடிவோடு வெளிவந்தது. அதில் ஒரே ஒரு வரி என்னைப் பற்றி. காப்பாளர் பணியிடத்தில் இல்லாததால் குறிப்பிட்ட நேரம் சேர்க்கப்படவில்லை. பெயர் போடவில்லை. அது அவள் பெருந்தன்மை.

கோயிலுக்குப் போனது எனக்கு இன்னும் தப்பாகத் தோன்றவில்லை. 'ஆள் இல்லை' என்று ரெண்டு வார்த்தை எழுதிவிட்டுப் போயிருந்தால் அந்த நேரம் முன்பே கழிந்திருக்கும், ஒரு பெண்ணுக்கு ஆசை காட்டி ஏமாற்றியிருக்க மாட்டேன். கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தால் பாயிடம் போய், செட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று சொல்லியிருப்பேன், அவரும் தள்ளியிருப்பார். அப்போது அந்தக் கோடு வந்திருந்தால் அது என்னவென்று இன்றைக்கு உலகத்துக்கே தெரிந்திருக்கும். வராமல் இருந்திருந்தால் அதுவும் தெரிந்திருக்கும். இப்போது ரெண்டும் இல்லை. அது நிஜம் என்றால், மனிதன் உண்டாவதற்கு முன்னால் கிளம்பி வந்தது நம் குப்பியைத் தொட்ட நேரத்தில் நான் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். அது மறுபடியும் வராது. நோட்டில் உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள். இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

கயல் டிசம்பரில் போய்விட்டாள். வெளிநாட்டில் இதே மாதிரி ஒரு நிலையத்தில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். போகும்போது ஒரு ஹேர்பின்னைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். மறந்தாளா வேண்டுமென்றே வைத்தாளா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷத் திருவிழாவன்று காலை, நான் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன், போனில் அவளிடமிருந்து ஒரு செய்தி. 'அண்ணா, இன்னிக்கு அங்க யாருங்க இருக்காங்க?' அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு நிலையத்துக்கு நடந்தேன். பணியில் இருந்த தம்பியிடம், "சாமி, நீ கோயிலுக்குப் போயிட்டு வா, மேடம்கிட்ட நான் கேட்டுக்கறேன்" என்றேன். கேட்டதும் மேடம் அலமாரியைத் திறந்து நோட்டை என் கையில் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும் அப்படித்தான். இந்த வருஷமும் வருவேன். உங்களில் யாருக்குக் கோயிலுக்குப் போக வேண்டுமோ, எட்டரை மணிக்குக் கிளம்பிவிடுங்கள். வரும்போது எனக்கு ஒரு டம்ளர் மோர் வாங்கி வாருங்கள், பந்தல் இப்போது பஸ் ஸ்டாப்பில்தான். ஒன்பதிலிருந்து ஒன்று வரை கொட்டகையில் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு மணியும் முடிந்த பிறகு ஒரு வரி எழுதுவேன். கயலின் செய்தி எப்படியும் வரும். ஒவ்வொரு வருஷமும் அனுப்புகிற பதிலையே அனுப்புவேன்.

'நான் இருக்கறேன் கண்ணு.'